வார இறுதியில் பிராக்: காகிதம், காசு, சாப்பாடு, பீர். முதல்முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மவர்கள் முதலில் எட்டிப் பார்க்கும் வெளிநாட்டு ஊர்களில் பிராக்குக்குத் தனி இடம் உண்டு. டிரெஸ்டனிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. பெர்லினிலிருந்து நாலு, நாலரை மணி நேரம். வெள்ளி சாயங்காலம் ஏறினால் ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் எந்தக் கிழமையில் எது பூட்டியிருக்கும், எந்த பில்லில் எது ஒளிந்திருக்கும், முட்டைகூடத் தொடாத அம்மாவுக்கு அங்கே என்ன வாங்கிக் கொடுப்பது என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. டிரெஸ்டனில் குடியிருப்பதால் வருகிற விருந்தாளிகளையெல்லாம் பிராக்குக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழுகிறது. அப்படி அலைந்து தெரிந்துகொண்டவை இவை.

1. டிக்கெட்டுக்கு முன்னால் காகிதம்

பிராக் இருக்கும் செக் குடியரசு ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், இருக்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று எந்த ஷெங்கன் நாட்டின் குடியிருப்பு அட்டை உங்களிடம் இருந்தாலும் தனி விசா வேண்டாம். ஆனால் அட்டை மட்டும் போதாது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். "எல்லையில்தான் யாரும் கேட்பதில்லையே" என்று சொல்லும் நண்பர் 2023க்கு முன்னால் போனவராக இருப்பார். அந்த வருஷம் அக்டோபரிலிருந்து ஜெர்மனி தன் கிழக்கு எல்லையில் மறுபடியும் சோதனை போடுகிறது. போகும்போது ஒன்றும் இருக்காது. திரும்பும்போது எல்லையை ஒட்டிய நிலையத்தில் போலீஸ் ஏறி, பெட்டி பெட்டியாக வந்து பார்ப்பார்கள். மொபைலில் இருக்கும் போட்டோ செல்லாது.

அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு இடைக்காலச் சான்றோடு இருக்கிறீர்களா? அந்தத் தாளை நம்பி ரயில் ஏறாதீர்கள். உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு அறை போடுங்கள்.

லண்டனில் இருப்பவர்கள் கவனிக்க: பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் பிரிட்டன் விசா மட்டும் வைத்திருந்தால் ஷெங்கன் விசா கட்டாயம். இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருக்கும் அதேதான். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 15 நாளில் பதில் வர வேண்டும், ஆனால் கோடை விடுமுறைக் காலத்தில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடு. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களோடு ஜெர்மனியில் மூன்று வாரம் இருந்துவிட்டு இரண்டு நாள் பிராக் போகிறார்கள் என்றால் ஜெர்மன் விசாதான்.

ஜெர்மன் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்கு அட்டையின் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவ அட்டை. தனியார் மாணவர் காப்பீடு என்றால் ஒருமுறை நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

2. ரயில், எந்தப் பக்க ஜன்னல்

ஒரே ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வே ஒரு விலை சொல்லும், செக் ரயில்வே இன்னொரு விலை சொல்லும். இரண்டு தளத்திலும் பார்த்துவிட்டு வாங்குங்கள். செக் தளத்தில் மலிவாகக் கிடைப்பது பலமுறை நடக்கும். மூன்று நாலு வாரம் முன்னால் வாங்கினால் நல்ல விலை. கடைசி வாரத்தில் இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். வெள்ளி மாலை வண்டி பெர்லினிலிருந்தே நிரம்பி வருவதால் இருக்கையும் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பெட்டிமேல் உட்கார்ந்து போக வேண்டியதுதான்.

டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு கூடவே வரும். பிராக் போகும் திசையில் இடது பக்க ஜன்னல்தான் ஆற்றுப் பக்கம். செங்குத்தான மணற்கல் பாறைகளும் அந்தப் பக்கம்தான். செக் ரயில்வேயின் சாப்பாட்டுப் பெட்டி இருந்தால் போய் உட்காருங்கள். பீரைக் குழாயிலிருந்து கண்ணாடிக் கோப்பையில் பிடித்துத் தருவார்கள், விலையும் நகர மையத்தைவிடப் பயமுறுத்தாது.

இறங்க வேண்டிய நிலையம் ஹ்லாவ்னீ நாட்ரஜீ, அதாவது பிரதான நிலையம். சில வண்டிகள் வடக்கே ஹோலெஷோவிட்ஸே நிலையத்திலும் நிற்கும். இரண்டும் மெட்ரோவின் சிவப்பு சி பாதையில் இருப்பதால் தப்பி இறங்கினாலும் பாதகமில்லை. விமானத்தில் வருகிறவர்கள் 59ஆம் எண் டிராலிபஸ் ஏறி நாட்ரஜீ வெலெஸ்லவீன் போய் அங்கே பச்சை ஏ பாதை மெட்ரோ பிடிக்கலாம். சாதாரண நகர டிக்கெட்டே போதும். டாக்ஸி வேண்டுமென்றால் போல்ட், ஊபர் இரண்டும் ஓடுகின்றன. தெருவில் நின்று கூப்பிடும் வண்டியில் ஏறாதீர்கள்.

3. காசு

இங்கே யூரோ இல்லை, கொருனா. ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா, நம்ம கணக்கில் ஒரு கொருனா நாலு ரூபாய்க்குப் பக்கம். கடைகள் பலவற்றில் யூரோ வாங்குவார்கள், ஆனால் அவர்கள் சொல்லும் மாற்று விலையில் உங்களுக்குத்தான் நஷ்டம்.

கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓடும். இரண்டு நாளுக்குக் கையில் 1,000 கொருனா ரொக்கம் இருந்தால் போதும். பழைய பீர்க்கடைகள் சில ரொக்கம் மட்டும் வாங்கும், கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும்.

ஏமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, வங்கிக் கிளையோடு ஒட்டாமல் தெருமுனையில் தனியாக நிற்கும் பண இயந்திரம். செஸ்கா ஸ்போர்ஷிட்டெல்னா, கொமெர்ச்னீ பாங்கா மாதிரி வங்கி வாசலில் இருப்பதிலேயே எடுங்கள். இரண்டாவது, "உங்கள் யூரோவிலேயே கணக்கிடவா?" என்று திரை கேட்பது. இயந்திரத்திலும் சரி, உணவகத்தில் நீட்டும் கார்டு கருவியிலும் சரி, எப்போதும் கொருனா என்றே அழுத்துங்கள். மூன்றாவது, "நல்ல ரேட் தருகிறேன்" என்று தெருவில் நெருங்குகிறவர். அவர் தரும் நோட்டு வேறு நாட்டுடையதாகவோ செல்லாததாகவோ இருக்கும்.

மாற்றுக் கடையில் மாற்றிவிட்டு விலை மோசம் என்று உடனே தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது. 2019இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். ரசீதோடு அதே கடைக்குப் போய்க் கேளுங்கள். முணுமுணுப்பார்கள், ஆனால் தந்தாக வேண்டும்.

4. அறை

பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள். விலையும் அதிகம், ராத்திரி ரெண்டு மணிவரை ஜன்னலுக்குக் கீழே பாட்டும் கூச்சலும். வினோஹ்ராடி, கார்லீன், ஸ்மீஹோவ் பகுதிகளில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாகப் பாருங்கள். இருவர் அறை சாதாரண வார இறுதியில் ஓர் இரவுக்கு 60 முதல் 120 யூரோவுக்குள் அகப்படும். கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பரிலும் ஈஸ்டரிலும் இந்தக் கணக்கு செல்லாது. ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா நகர வரி தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, கொடுத்துவிடுங்கள்.

5. மெட்ரோ, டிராம்: டிக்கெட்டில் முத்திரை

மூன்று பாதை மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 24 மணி நேர டிக்கெட் 150 கொருனாவுக்குள் முடியும். சனிக்கிழமைக்கு அதை வாங்குங்கள். மற்ற நேரத்துக்கு அரை மணி, ஒன்றரை மணி டிக்கெட்டுகள் உண்டு. மையப்பகுதி முழுக்க நடக்கிற தூரம்தான்.

மெட்ரோவில் கதவோ தடுப்போ கிடையாது. அதனால் பலர் டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே இறங்கிவிடுகிறார்கள். எஸ்கலேட்டருக்கு முன்னால் நிற்கும் மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரத்தைப் பதித்தால்தான் காகித டிக்கெட் உயிர்பெறும். டிராமில் வண்டிக்குள்ளேயே அந்தப் பெட்டி இருக்கும். பதிக்காத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். அபராதம் 1,000 கொருனாவுக்குக் குறையாது, பரிசோதகர் சாதாரண உடையில் வந்து பேட்ஜைக் காட்டுவார். ஒருமுறை பதித்தால் போதும், வண்டி மாறும்போது மறுபடி பதிக்கக் கூடாது. டிராமுக்குள் கார்டு தட்டி வாங்கும் டிக்கெட்டுக்குப் பதிப்பு வேண்டாம். நகரப் போக்குவரத்தின் லீட்டாச்கா செயலியில் வாங்கினால் வண்டி ஏறுமுன்பே செயல்படுத்திவிடுங்கள். அது உயிர்பெற ஓரிரு நிமிடம் எடுக்கும்.

மெட்ரோ நள்ளிரவோடு நிற்கும். வெள்ளி, சனி மட்டும் ஒரு மணி வரை. அதன்பிறகு இரவு டிராம்கள் உண்டு.

6. எந்தக் கிழமை எங்கே

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். யூத அருங்காட்சியகத்தின் தொழுகைக்கூடங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை முழுக்க மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை திருப்பலி நடப்பதால் சுற்றுலாப் பயணிகளுக்கு மதியம் 12 மணிக்கு மேல்தான் அனுமதி. ஆகவே சனி கோட்டை, ஞாயிறு யூதர் பகுதி. மாற்றிப் போட்டால் இரண்டு நாளும் வாசல்வரை போய்த் திரும்பத்தான்.

வெள்ளி இரவு: அறையில் பையைப் போட்டுவிட்டுப் பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்து போங்கள். வானியல் கடிகாரம் மணிக்கொருமுறை, காலை 9 முதல் இரவு 11 வரை, பொம்மைகளை நகர்த்திக் காட்டும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அத்தனை பேரும் அண்ணாந்து போன் பிடித்திருக்கும் அந்த நேரம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்குப் பொழுது. பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

சனி காலை: சார்லஸ் பாலத்துக்கு ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். பத்து மணிக்கு அங்கே ரங்கநாதன் தெரு கூட்டம்தான். அங்கிருந்து 22ஆம் எண் டிராமில் பிராஜ்ஸ்கீ ஹ்ராட் நிறுத்தம்வரை ஏறிப் போய், கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்கி வாருங்கள். கீழிருந்து படியேறினால் மூட்டு வலி உள்ள பெற்றோர் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். 22இலும் பிக்பாக்கெட் உண்டு.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணமில்லை, பாதுகாப்புச் சோதனை இருக்கலாம், கூரான கத்தியைக் கொண்டுபோகாதீர்கள். பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் பசிலிக்கா, பொன் தெரு ஆகியவை சேர்ந்த டிக்கெட் 450 கொருனா. 26 வயதுக்குள் மாணவர் அட்டை இருந்தால் சலுகை. டிக்கெட் இரண்டு நாள் செல்லும். கோடையில் 9 முதல் 5 மணி, நவம்பர் முதல் மார்ச் வரை 4 மணிக்கே மூடிவிடுவார்கள். 9 மணிக்குப் பேராலய வாசலில் முதல் ஆளாக நில்லுங்கள். காலை வெயிலில் கண்ணாடி ஓவியங்களின் நிறம் தரையில் படிவதை அப்போதுதான் இடிபடாமல் பார்க்கலாம்.

இறங்கும் வழியில் கார்மெலிட்ஸ்கா தெருவில் ஒரு தேவாலயம். சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் கடந்துவிடும், ஆனால் நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு அதுவே பயணத்தின் காரணமாகிவிடலாம். பெங்களூரு விவேக்நகரில் வியாழக்கிழமைதோறும் கூட்டம் நெரிக்கிறதே குழந்தை இயேசு, அந்தப் பக்தியின் மூலச் சொரூபம் இங்கேதான் இருக்கிறது. 47 சென்டிமீட்டர்தான் உயரம். வழிபாட்டுக் காலத்துக்கேற்ப அங்கியை மாற்றுவார்கள், மாடியில் பழைய அங்கிகளை வைத்திருக்கிறார்கள். நுழைவு இலவசம். வேளாங்கண்ணி, விவேக்நகர் என்று நேர்ந்துகொண்டு போகிற குடும்பமென்றால் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். கோட்டையில் உட்கார இடம் தேடிய பெரியவர்கள் இங்கே எழுந்துவர மாட்டார்கள்.

ஞாயிறு: காலையில் யூதர் பகுதி, டிக்கெட் கோட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல். பிற்பகல் விஷெஹ்ராட். சி பாதையில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கி பத்து நிமிடம் நடந்தால், ஆற்றுக்கு மேலே கோட்டைச் சுவரும் புல்வெளியும். சுற்றுவதற்குக் காசில்லை. கூட்டமும் இல்லை. பிராக்கில் எனக்குப் பிடித்த இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். பிரதான நிலையம் அங்கிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம், அதனால் கடைசி மணி நேரங்களுக்கு வசதி.

7. சாப்பாடு

நல்ல மலிவான சாப்பாட்டுக்கு "போலெட்னீ மெனு" என்ற மதியச் சாப்பாட்டுப் பலகையைப் பாருங்கள். 11 முதல் 2 மணிவரை, 150லிருந்து 220 கொருனாவுக்குள். ஆனால் அது பெரும்பாலும் வாரநாளில் மட்டும். வெள்ளி மதியமே வந்து சேர முடிந்தால் லாபம்.

செக் சாப்பாட்டின் துணை க்னெட்லீகி. மாவைக் கட்டையாக உருட்டி வேகவைத்து, வட்டமாக நறுக்கி வைப்பார்கள். குழம்பை உறிஞ்சத்தான் அது, தனியாகத் தின்றால் சப்பென்று இருக்கும். ஸ்விச்கோவா என்பது காய்களை அரைத்த கிரீம் குழம்பில் மாட்டிறைச்சி, மேலே புளிப்பும் இனிப்புமாகக் கிரான்பெரி. குலாஷும் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். மாடு சாப்பிடாதவர்கள் "ஹொவ்யெஸீ" என்ற சொல்லையும், பன்றி வேண்டாதவர்கள் "வெப்ஷொவே" என்ற சொல்லையும் மனதில் வையுங்கள். கோழி "குர்ஷெட்ஸீ". கோழி ரீஜெக் (ரொட்டித்தூளில் புரட்டி வறுத்த துண்டு) கேட்டால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

சைவர்களுக்கு: மெனுவில் "பெஸ்மாஸா" என்று ஒரு தலைப்பு இருக்கும், இறைச்சியில்லாதவை. ஸ்மாஜெனீ சீர் என்ற வறுத்த சீஸ், உருளைக்கிழங்கோடு வரும், வயிறு நிறையும். பழம் வைத்த இனிப்பு க்னெட்லீகியை முழுச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள். சூப்பில் ஏமாறாதீர்கள். உருளைக்கிழங்கு சூப், பூண்டு சூப் என்று பெயர் இருந்தாலும் எலும்புச் சாறும் பன்றித் துண்டும் இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டையும் தவிர்ப்பவர்களுக்கு ஒரு உபாயம்: மெனுவில் பதார்த்தத்தின் பக்கத்தில் சிறிய எண்கள் அச்சிட்டிருக்கும், ஒவ்வாமைக் குறிப்பு. 3 என்றால் முட்டை, 4 மீன், 7 பால். வறுத்த சீஸின் மேல்மாவிலும் க்னெட்லீகியிலும் 3 அநேகமாக இருக்கும்.

அப்படிப்பட்டவர்களோடு போனால் பழைய நகரத்தில் தீன் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள சந்துகளுக்குப் போய்விடுங்கள். எடைபோட்டுக் காசு வாங்கும் வட இந்திய சைவக் கடை தாபா பேயாஸும், மைத்ரேயா என்ற சைவ உணவகமும் அங்கே. சோறும் காரமும் இல்லாமல் நாக்கு செத்துவிட்டதென்றால் வியட்நாமியக் கடை தேடுங்கள். செக் நாட்டில் வியட்நாமியர்கள் நிறையப் பேர், ஊர் முழுக்கக் கடை இருக்கிறது, மிளகாய் கேட்டால் தாராளமாகத் தருவார்கள்.

சனி காலை 8 முதல் 2 வரை ஆற்றங்கரை நாப்லாவ்காவில் விவசாயிகள் சந்தை நடக்கும், கடும் குளிர் மாதங்கள் தவிர.

இனி பொறிகள். சதுக்கத்துக் கடையில் கம்பியில் சுழலும் பன்றித் தொடைக்குப் பலகையில் எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. விற்பவர் கத்தியை வைத்தால் முந்நூறு, நானூறு கிராம் வந்துவிடும். வெட்டுமுன் எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள். உருளையில் சுற்றிச் சுட்டு ஐஸ்கிரீம் திணித்துத் தரும் ட்ருடெல்னீக் "பழைய பிராக் பலகாரம்" என்று பலகை சொல்லும். உள்ளூர்க்காரர் யாரும் அதை வாங்கி நான் பார்த்ததில்லை. ஆசைக்கு ஒன்று சாப்பிடலாம், அவ்வளவுதான். மேசையில் கேட்காமலேயே வைக்கும் ரொட்டிக்கும் பில் வரும். சதுக்கத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் எங்கள் பில்லில் "கூவெர்ட்" என்று தலைக்கு ஒரு தொகை ஏறியிருந்தது, கத்தி முள்கரண்டி வைத்ததற்காம். மெனுவின் கடைசிப் பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு உட்காருவது நல்லது. குழாய்த் தண்ணீரும் பல இடத்தில் இலவசமில்லை.

டிப்ஸ் பத்து சதவீதம்வரை, சேவை பிடித்திருந்தால். 455 வந்தால் "500" என்று சொல்லிக் கார்டை நீட்டுங்கள், மேசையில் வைத்துவிட்டு வரும் வழக்கம் இங்கே இல்லை.

8. பீர்க்கடை

நுழைந்ததும் "தோப்ரீ டென்" என்று வணக்கம் சொல்லுங்கள். காலி மேசை இல்லையென்றால் முன்பின் தெரியாதவர் மேசையில் கேட்டுவிட்டு உட்காரலாம், அது சகஜம். "ரெஸர்வே" அட்டை இருக்கும் மேசை மட்டும் வேண்டாம். கவுண்டருக்குப் போய் நிற்காதீர்கள். பரிசாரகர் வந்து, கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டைத் தட்டை உங்கள் முன் போடுவார். பீரை வைக்கும்போது ஒரு நீளக் காகிதத் துண்டில் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். அந்தத் துண்டுதான் உங்கள் கணக்கு. அது உங்கள் மேசையிலேயே கிடக்கும், தொலைத்துவிடாதீர்கள், அதில் கிறுக்காதீர்கள். கோப்பை காலியாகப் போகும்போது நீங்கள் கேட்காமலேயே அடுத்தது வந்து அடுத்த கோடு விழும். போதும் என்றால் அட்டைத் தட்டை எடுத்துக் கோப்பையின்மேல் மூடிவிடுங்கள். பேச்சே வேண்டாம். கிளம்பும்போது "சப்லாட்டீம், ப்ரோசீம்" என்றால் காசு கட்டுகிறேன் என்று பொருள்.

பலகையில் 10°, 12° என்று இருப்பது ஆல்கஹால் சதவீதமல்ல, புளிக்கவைக்குமுன் சாற்றில் இருந்த சர்க்கரைச் சத்தின் அளவு. 12 என்றால் ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம். அரை லிட்டர் நல்ல கடையில் 55 முதல் 75 கொருனா. சதுக்கத்தில் அது இரட்டிப்பாகும். நுரை மூன்று விரல் இருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், ஊற்றும் முறையே அப்படி.

புகழ்பெற்ற சில கடைகளில் தட்டு நிறையச் சிறு கோப்பைகளோடு வந்து "பெஹெரோவ்கா" என்று சிரித்த முகமாக வைப்பார்கள். மூலிகைச் சாராயம். வரவேற்பு இல்லை அது, விலைக்கு. வேண்டாமென்றால் "நெ, தியெகூயி" என்று உடனே சொல்லுங்கள். இலையுதிர் காலத்தில் போனால் புர்சாக் என்ற பாதி புளித்த திராட்சைச் சாறு கிடைக்கும். பழரசம்போல இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்.

குடிக்காதவர்கள் கொஃபோலா கேளுங்கள், செக் நாட்டுக் கோலா, பல கடையில் குழாயிலேயே வரும். "நெஅல்கோ" என்றால் ஆல்கஹால் இல்லாத பீர். கார் எடுத்து வந்தவர் நெஅல்கோவோடு நிற்க வேண்டும். ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம், ஒரு கோப்பைகூடக் கிடையாது. மையத்துத் தெருக்கள் பலவற்றில் பாட்டிலோடு நடப்பதற்கும் தடை.

9. திரும்பும் நாள்

அறையைக் காலி செய்த பிறகு பையை விடுதியிலேயே வைத்துவிட்டுச் சுற்றலாம், அல்லது நிலையத்தின் பெட்டகங்களில் வைக்கலாம். ஜெர்மனியைப் போலல்லாமல் இங்கே ஞாயிறும் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும். ஆனால் ஈஸ்டர் திங்கள், மே 8, செப்டம்பர் 28, அக்டோபர் 28, டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகிய நாட்களில் பெரிய கடைகள் சட்டப்படி மூடல். அன்றைக்குச் சின்னக் கடைகள்தான் கதி.

நிலையத்துக்கு அரை மணி முன்னால் வந்துவிடுங்கள். நடைமேடை எண் வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் பலகையில் விழும். அதுவரை எல்லோரும் பலகையை அண்ணாந்து பார்த்து நிற்பார்கள், விழுந்ததும் ஓடுவார்கள். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். மிச்சமிருக்கும் கொருனா நாணயங்களை ஜெர்மனியில் எந்த வங்கியும் மாற்றித் தராது. நிலையத்துக் கடையில் தண்ணீர், ரொட்டி என்று வாங்கித் தீர்த்துவிடுங்கள். ஒரு 20 கொருனா நாணயத்தை மட்டும் கழிப்பறைக்கு நிறுத்தி வையுங்கள், ரயில் தாமதமானால் தேவைப்படும்.